போட்டி என்று காதில் விழுந்தது

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையும் என் அண்ணனுடைய பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. என் வீட்டுக்காரர் பிள்ளையார் பொம்மை செய்வார். அண்ணன் கரண்ட் பெட்டியில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்வார். கேஸ் சூளை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. ஒருவர் சரக்கு அதற்குப் பத்தாது, பாதி காலியாக எரித்தால் கட்டுப்படியாகாது. அதனால் கீழ்த்தட்டில் கட்டை, மேல்தட்டில் பிள்ளையார். கற்பூரம் காட்டிவிட்டுத்தான் பற்ற வைப்போம்.

“ஒங்க பிள்ளையாரு என் தலை மேலயே ஒக்காந்திருக்காரே மாப்ள” என்பார் அண்ணன்.

“காவலுக்கு ஒக்காந்திருக்காரு மச்சான். கூலி குடுங்க” என்பார் இவர்.

ஒரு கோடையில் ஐரோப்பாவிலிருந்து ஒரு அம்மா எங்கள் பட்டறைக்கு வந்தார். கேஸ் குறைவாகக் குடிக்கும் புதுச் சூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். தமிழில் எடுத்துச் சொல்ல சென்னைக்காரர் ஒருவர் கூடவே இருந்தார். அந்த அம்மா சூளைச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார்.

“ரெண்டு வூட்டுதுங்க” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே என்னவோ நிறையச் சொன்னார். சென்னைக்காரர் எனக்குச் சொன்னது இது: “அவங்க பக்கம் பல நாடுங்க இருக்குதும்மா. வியாபாரத்துல ஒண்ண ஒண்ணு முந்தப் பாக்கும். ஆனா ஆராய்ச்சின்னா சேந்துதான் செய்யணும்னு பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டாந்தாங்களாம். நீங்க பேசாமயே செஞ்சிட்டீங்களேன்னு சந்தோஷப்படறாங்க.”

சாமி வாக்குக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் எல்லாப் பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். மேடையில் சென்னைக்காரர் எழுதி வைத்ததைப் படித்தார். “உங்கள் போட்டித்திறனை மேம்படுத்தும் கூட்டு ஆராய்ச்சித் திட்டம்” என்றார். போட்டித்திறன் என்பது நாங்கள் கேட்டறியாத சொல். போட்டி தெரியும். பொங்கலுக்குத் தெருவில் கோலப்போட்டி வைப்பார்கள், முதல் பரிசு ஒருத்திக்குத்தான். கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றவர்கள் அதைத்தான் பேசினார்கள். “போட்டியாம்பா. ஜெயிக்கிறவனுக்குத்தான் புதுச் சூளையாம்.”

அன்று சாயங்காலமே அண்ணன், பளபளப்புக்குப் பூசும் தன் மெருகுக் கலவை வாளியைச் சாக்குப் போட்டு மூடினார்.

“என்ன மச்சான், மூடி வெக்கிறீங்க?”

“தூசி வுழுது மாப்ள.”

இத்தனை வருஷம் விழாத தூசி. மறுநாள் இவர் தன் கலவையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

அடுத்த தடவை அந்த அம்மாவும் சென்னைக்காரரும் வந்தபோது அண்ணனும் இவரும் தனித்தனியாகப் போய்ப் பேசினார்கள். நான் டீ கொடுக்கப் போய் வாசற்படியில் நின்றேன். “பொம்மை செய்யறவருக்கு எதுக்குங்க ஆராய்ச்சி?” என்றார் அண்ணன். இவர் உள்ளே போனதும், “மச்சான் கட்டையில கீறல் வுழுதுங்க. எனக்கே குடுங்க” என்றார். அண்ணன் வெளியில் நின்று அதைக் கேட்டுவிட்டார்.

திட்டம் வேறு ஊருக்குப் போயிற்று. புறப்படும்போது சென்னைக்காரர் என்னிடம் வருத்தப்பட்டார். “சேந்து வாங்கன்னுதானேம்மா சொன்னோம்? நீங்க ஒண்ணா எரிக்கிறீங்கன்னுதானே அவங்க ஒங்க பட்டறையவே தேடி வந்தாங்க.”

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கோர்ட்டில் கொடுப்பது போல நம் குறையை முருகனுக்கு எழுதிக் கட்டிவிட்டு வர வேண்டும். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். அண்ணிதான் வந்து சொன்னாள். “ஒங்கண்ணன் பிராது கட்டிட்டாரும்மா. ஒன் வூட்டுக்காரரு பேர்ல.”

ஓடினேன். “அண்ணே, வாபஸ் வாங்கிடுண்ணே. அவரு வெவரம் புரியாம சொல்லிட்டாரு. நீயுந்தான் சொன்ன.”

“நான் தொழில சொன்னேன் பாப்பா. அவரு என் கட்டையில கீறல்னுட்டாரு, வெளியூர்க்காரங்க முன்னாடி. தீந்தாத்தான வாபஸ்? எனக்குத் தீரலயே.”

அதற்குப் பிறகு ஆளுக்கொரு நாள், பாதி காலியாகவே சூளை எரிந்தது. அண்ணனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பட்டறையை மூடிவிட்டு, குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போய்விட்டார். ஸ்டேஷனுக்குப் போனேன். “போயிட்டு வரேன்” என்று எல்லோரிடமும் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பொங்கலுக்கு எனக்கு அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. இவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

கிருத்திகை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். பிராது அங்கேதான் இருக்கிறது. முருகன் அதைக் கேட்டால் என் வீட்டுக்காரருக்கு என்ன ஆகுமோ. கேட்காவிட்டால் என் அண்ணன் மனசு ஆறாது. எந்தப் பக்கம் நின்று கும்பிடுவது? மழை கேட்கிறேன், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்கிறேன், பக்கத்து வீட்டுக்காரி பிரசவத்துக்குக்கூடக் கேட்கிறேன். இந்த ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேட்காமல் திருநீறு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறேன்.