மூத்தவளின் துணிக் கிளிப்புகள்

நாற்பத்தொரு வயது, ஐந்தடி ஏழங்குல உயரம், மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருட வேலை, அச்சில் இரண்டு கதைப் புத்தகங்கள். இத்தனை இருந்தும் அவளைக் கூப்பிடுவது குட்டி என்றுதான். அக்கா வைத்த பெயர். அக்கா வைத்ததை மாற்ற இனிமேல்தான் ஒருவர் பிறந்து வரவேண்டும்.

பகலெல்லாம் குட்டி கண்ணாடி வில்லைகளை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து மாட்டுவாள். ஆள் வராத நேரத்தில் பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவாள். அவள் கதைகளுக்கு மூலம் எல்லாம் பழங்கதைதான். யாராவது கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தால் போதும், "உங்க பக்கம் பேய்க்கதை ஏதாவது சொல்லுவாங்களா?" என்று பிடித்துக்கொள்வாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க வந்த மனிதர் ஆற்றங்கரைப் பேயின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மறந்து எழுந்து போவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

கிடைத்த பேயையும் பூதத்தையும் அவள் சும்மா விட்டால்தானே! பூதத்தை லிஃப்டில் ஏற்றுவாள். ராட்சசனுக்கு மேல்மாடியில் வீடு பிடித்துக் கொடுத்து, தண்ணீர் மோட்டார் சுவிட்சையும் அவன் கையில் ஒப்படைப்பாள். படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எழுதியதை முதலில் படிப்பது அக்காதான். அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலை. ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகள் அவள் கண்ணில் படாமல் வெளியே போகாது. விமர்சனம், அது இது என்றெல்லாம் அவளுக்கு வராது. சாப்பாட்டு இடைவேளையில் துணி காயும் மொட்டைமாடியில் உட்கார்ந்து படிப்பாள். எந்தப் பக்கத்தில் கொட்டாவி வருகிறதோ அந்தத் தாளில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டுவாள். அவ்வளவுதான். குட்டியும் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கத்தை வெட்டிவிடுவாள். இரண்டு புத்தகங்களும் அப்படி இளைத்து வந்தவைதான்.

மூன்றாவது புத்தகத்தைப் பதிப்பகம் மாதக் கடைசிக்குள் கேட்டிருந்தது. குட்டி எழுதிய தாள்களை நூலால் கட்டி, முடிச்சின் மேல் கடையின் நீல ஸ்டிக்கரை ஒட்டி அக்காவிடம் கொடுத்தாள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஒரு கிளிப்கூட இல்லை! குட்டிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலாளி உட்பட எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். அப்புறம்தான் கட்டைப் பிரிக்கப் போனாள். அவள் போட்ட அதே இரட்டை முடிச்சு. அவள் ஒட்டிய ஸ்டிக்கர், கிழியாமல் அப்படியே.

அக்கா பிரிக்கவே இல்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, என்ன ஆயிற்று இவளுக்கு? அக்கா படிக்காத கதையை அனுப்பக் குட்டிக்குக் கையும் வரவில்லை. மறுநாளே சலவைப் பிரிவுக்குப் போய் நின்றாள்.

"ஏன்க்கா பிரிச்சுக்கூடப் பாக்கல?"

அக்கா தலையணை உறைகளை எண்ணிக்கொண்டே சொன்னாள்: "எதுக்குப் பாக்கணும்? உள்ள ஏழு அக்கா தங்கச்சி இருப்பாங்க. மூத்தவ பொறாமை பிடிச்சவ, கடைசிப் பொண்ணு சொக்கத் தங்கம். மூத்தவ அவளக் காட்டுல விட்டுட்டு வந்துருவா. அப்புறம் தங்கச்சி ராணி, அக்கா ஆந்தை. மொதப் புத்தகத்துல ரெண்டு தடவ கல்லாப் போனேன். ரெண்டாவதுல தவளை."

"அய்யோ, அது நீ இல்லக்கா! பழைய கதையெல்லாம் அப்படித்தான் இருக்கும்."

"பழைய கதையில ராட்சசன்கிட்ட மோட்டார் சுவிட்ச் இருந்துச்சா? அவனுக்காக மாத்தத் தெரியுது உனக்கு, எனக்காக மாத்தத் தெரியலையா?"

பக்கத்தில் இஸ்திரி போடும் அம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நல்லாக் கேட்டீங்க! நானும் படிச்சேன். தங்கச்சிய அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சீங்கன்னு அன்னிக்கே கேட்டேனே" என்றாள். அக்கா எண்ணிக்கையைத் தவறவிட்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

குட்டி பத்து நாள் உட்கார்ந்து அந்த ஏழு பெண்கள் கதையைத் திருப்பி எழுதினாள். மூத்தவளை உருக்கி வார்த்துவிட்டாள். இப்போது மூத்தவள் தங்கச்சிக்குச் சோறூட்டினாள், ஆற்றைக் கடக்கத் தோளில் தூக்கினாள், கிடைத்த கிரீடத்தையும் கழற்றிக் கொடுத்தாள். அந்தக் கதை மட்டும் இருபத்துமூன்று தாள்.

அதைக் கொடுத்தனுப்பிய மூன்றாம் நாள் அக்காவே கடைக்கு வந்தாள். இருபத்துமூன்று தாளிலும் இருபத்துமூன்று கிளிப். பிரித்தாளே என்று குட்டிக்கு முதலில் சந்தோஷம்தான் பொங்கியது.

"தாங்கலடி" என்று அக்கா கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்படி ஒருத்தி எந்த வீட்டுல இருக்கா? என்னாலயே சகிக்க முடியல."

"நீதானக்கா மாத்தச் சொன்ன!"

"நல்லவளாக்கச் சொன்னேனா?" அக்கா எதிரே இருந்த எழுத்துப் பலகையையே பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "நான் உன்ன விட்டுட்டுப் போயிருக்கேன், குட்டி. எனக்குப் பதினாறு, உனக்கு அஞ்சு. எங்க போனாலும் அம்மா உன்னையும் என் இடுப்புல கட்டி அனுப்பும். அன்னிக்குப் பொண்ணுங்க எல்லாம் கடல் பாக்கக் கிளம்பினாங்க. உன்ன பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்கார வச்சு, கையில பிஸ்கட்டக் கொடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்."

"அப்புறம்?"

"ரெண்டு ஸ்டாப்புதான். எறங்கி ஓடி வந்தேன், செருப்பு அறுந்து போச்சு. நீ அதே பெஞ்சுல உக்காந்து, 'பிஸ்கட் இன்னும் முடியலையே, அதுக்குள்ள வந்துட்ட'ன்னு கேட்ட."

குட்டிக்கு அது துளியும் ஞாபகம் இல்லை. அதைச் சொன்னாள்.

"ஞாபகம் இல்லையா?" அக்கா திரும்பிப் பார்த்தாள். "ஒவ்வொரு கதையிலயும் அவ காட்டுல விட்டுட்டுப் போறப்ப, உனக்குத் தெரிஞ்சுதான் எழுதறியோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறும். மூணாவதா ஒரு புத்தகத்தப் பிரிக்கத் தைரியம் வரலடி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "விட்டுட்டுப் போனதோட எல்லாரும் கதைய நிறுத்திடறாங்க. திரும்பி வந்தாளான்னு ஒருத்தரும் கேக்கல."

குட்டிக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது பார்த்து ஒருவர் கண் பார்க்க வந்து நின்றார். முதலாளி இருவரையும் பார்த்துவிட்டு அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கையில், குட்டி மறுபடி எழுதிக் கொடுத்த புதிய கட்டு திரும்பி வந்தது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தது, முடிச்சு அக்காவின் முடிச்சு. உள்ளே ஒரே ஒரு கிளிப். மூத்தவள் பொறாமை பிடித்தவள்தான், தங்கச்சியைக் காட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறாள். அறுந்த செருப்போடு அவள் திரும்பி ஓடிவரும் பக்கத்தில்தான் கிளிப் இருந்தது. குட்டி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே, கத்தரிக்கோலை எடுத்தாள். போன் அடித்தது.

"அந்தப் பக்கத்த வெட்டிடாத. அங்க கொட்டாவி வரல."

"பின்ன என்னக்கா வந்துச்சு?"

"விரிப்பு நனைஞ்சு கெடக்கு, வேலையப் பாருடி" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.