மாப்பிள்ளை கேட்ட காரணம்

மட்டக்களப்புப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவான். தேற்றாத்தீவில் சைக்கிள் திருத்துகிற கோணாமலைக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. அவனைக் கேட்டு யாரும் அவர்கள் வீட்டு வாசல் படலையைத் திறந்ததில்லை, அன்னப்பூரணி வீட்டார் திறக்கும்வரை.

அவளுக்கு முறைமச்சான் இருந்தான், இராசதுரை என்று. வாவியில் வலை வீசப் போகிறவன். அவன் தோணி கரைக்கு வருகிற நேரமாகப் பார்த்து அன்னப்பூரணிக்கும் வாவிக்கரையில் ஏதாவது வேலை வந்துவிடும். ஊரே அந்தச் சோடியை முடிவு செய்து வைத்திருந்தது. பிறகுதான் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்தது. இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன அவள் அண்ணன் திரும்பி வரவில்லை. அம்மா முகாம் முகாமாக அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு இராசதுரையின் அகன்ற தோளைக் கண்டால் அவளுக்கு ஆசை வரவில்லை, பயம்தான் வந்தது. இப்படி ஒரு ஆம்பிளையை யார் விட்டுவைப்பார்கள்? ஆமி பிடிக்கும், இல்லாவிட்டால் இயக்கம் சண்டைக்கு ஆள் கேட்கும்.

"சைக்கிள் கடைக் கோணாமலையைக் கேளுங்கம்மா" என்றாள்.

"உனக்கென்ன விசரா புள்ள? அந்தக் காலோட..."

"அந்தக் காலாலதான் கேக்கச் சொல்றன். அவரை ஒருத்தரும் கொண்டு போகமாட்டாங்க."

அடுத்த நாளே அம்மா கோணாமலை வீட்டுப் படலையைத் திறந்தாள்.

கோணாமலைக்கு இது தெரியாது. தன்னிடம் எதையோ கண்டுதான் இவள் கேட்டு வந்தாள் என்று நம்பினான். கால் தெரியாமல் சாரத்தைத் தரையைக் கூட்டும்படி கட்டித் திரிந்த மனிதன், கல்யாணத்துக்குப் பிறகு சண்டியன் மாதிரி மடித்துக் கட்டினான். "ஊரில எத்தின ஆம்பிளையள் இருக்க, என்னைத்தானே கேட்டு வந்தவள்" என்று, அவள் வீட்டு முன்னால் போட்ட கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். உள்ளே தேங்காய் துருவுகிற அன்னப்பூரணிக்குக் கை நின்றுவிடும். கள்ளி, கள்ளி என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

அவன் நல்லவனாக இருந்ததுதான் பெரிய தொல்லை. குடி இல்லை, கை நீட்டுவதில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் கடையைப் பூட்டிவிட்டுக் கஞ்சி வைப்பான். அவன் பொல்லாதவனாக இருந்திருந்தால், செய்ததற்கு அனுபவிக்கிறேன் என்று மனதை ஆற்றியிருப்பாள். அதற்கும் வழியில்லை.

மறுபடி ஒரு சுற்றிவளைப்பு. ஊர் ஆண்களை எல்லாம் கோயில் வீதியில் வெயிலில் இருத்தினார்கள். கோணாமலை மட்டும் மத்தியானத்துக்கு முன்பே நொண்டி நொண்டி வந்துசேர்ந்தான். "காலைப் பார்த்திட்டு, நீ போ எண்டானுகள்" என்றான். அன்னப்பூரணி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பயம் விட்ட வேகத்தில் வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"எனக்குத் தெரியும். இதுக்குத்தானே உங்களைக் கேட்டு வந்தனான்."

கோணாமலை அவள் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். அடுத்த நாள் கடையில் அவன் சாரம் பழையபடி தரையைக் கூட்டியது.

"அப்ப பயத்தில கேட்டது. இப்ப அப்படியில்ல" என்று அவள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் எப்படிச் சொன்னாலும் அது ஆறுதல் வார்த்தையாகவே வெளியே வந்தது. "ஓம் புள்ள, பறுவாயில்ல" என்பான் அவன். கஞ்சி வைப்பதை நிறுத்தவில்லை. பீற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

வருடங்கள் கழித்துச் சண்டை நின்றது, சமாதானம் என்றார்கள், பாதைகள் திறந்தன. சவூதிக்குப் போயிருந்த இராசதுரை ஊருக்கு வந்து, காத்துப் போன மோட்டார்சைக்கிள் சில்லோடு கடை வாசலில் நின்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை, தோளும் அதே தோள். கோணாமலை டியூபுக்கு ஒட்டுப் போட்டான், அன்னப்பூரணி தேத்தண்ணி கொடுத்தாள். இராசதுரை சிரித்துப் பேசிவிட்டுப் புறப்பட்டுப் போனான்.

கோணாமலை கையிலிருந்த கிறீசைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"இப்ப சுற்றிவளைப்பு இல்ல. பிடிக்கிற ஆக்களுமில்ல. இப்பவெண்டா என்னைக் கேட்டு வருவியா?"

இதற்குப் பதில் சொல்லத்தானே அவள் இத்தனை காலம் தவித்தாள். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் கண் ஒருதரம் இராசதுரை போன தெருப்பக்கம் போய்வந்துவிட்டது. ஏன் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் கண்ணைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"ஓம்" என்றாள். "ஆயிரம் தரம் வருவன்."

கோணாமலை தலையாட்டினான். பிறகு குனிந்து, ஏற்கனவே மூடியிருந்த காலின்மேல் சாரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டான்.