பெயரும் பதிவு எண்ணும்

நாளிதழ் ஒன்றின் சர்க்குலேஷன் (விற்பனை) பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருடம், எங்கள் நிர்வாகம் சந்தா கட்டிப் படிக்கிற ஆன்லைன் செய்திச் சேவை தொடங்க நினைத்தது. கல்லூரிப் பிள்ளைகள் காசு கொடுப்பார்களா என்று சர்வே எடுக்க என்னை அனுப்பினார்கள். பூந்தமல்லி தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. எங்களுக்கு வருடா வருடம் முழுப்பக்க விளம்பரம் தருகிறவர்கள் என்பதால் அனுமதி உடனே கிடைத்தது.

படிவம் தயாரித்தது நான்தான். முதலில் பெயர், அடுத்து பதிவு எண். நம் ஊரில் படிவம் என்றாலே அதெல்லாம் இருக்கும், போட்டுவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் துறைத் தலைவரும் கூடவே நின்றார். "செய்தியைக் காசு கொடுத்துப் படிப்பீர்களா?" என்று வாசித்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "காசு குடுத்துதான் சார் படிச்சிக்கினு கீறோம், செமஸ்டர் செமஸ்டரா!"

வகுப்பே சிரித்தது. துறைத் தலைவர் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எல்லோரும் மளமளவென்று 'ஆம்' போட்டார்கள். பயத்தில் போட்ட 'ஆம்' என்று தெரியாத பச்சைக் குழந்தை இல்லை நான். ஆபீசுக்கு வேண்டியதும் 'ஆம்'தானே என்று விட்டுவிட்டேன்.

தாள்களை வாங்கி அடுக்கிய துறைத் தலைவர் ஒன்றை மட்டும் உருவினார். அதில் 'இல்லை'. கீழே இரண்டு வரி: "எங்கள் காலேஜ் பஸ்ஸில் பிரேக் சரியில்லை என்று உங்கள் பேப்பருக்கு இரண்டு முறை மெயில் போட்டேன். வரவில்லை. வராத செய்திக்கு எதற்குக் காசு?"

மேலே இருந்த பெயரைப் படித்தார்: "யாரு மோனிஷா? எழுந்திரு. நாளைக்கு அம்மாவோட வா."

அண்ணனூரிலிருந்து வருகிற பெண். "சார் கேட்டாரு, எழுதினேன்" என்று என்னைக் காட்டினாள். நான் மீதித் தாள்களை எண்ண ஆரம்பித்தேன்.

மறுநாள் மற்ற வகுப்புகளுக்காகப் போனபோது துறைத் தலைவர் அறை வாசலில் அவள் அம்மா நின்றிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. கம்பெனியில் போடுகிற மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

"நீங்கதான சார் பேப்பர்காரரு? பொண்ணு இன்னா சார் தப்பா எழுதிட்டா?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா."

"அத உள்ள ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். சஸ்பெண்ட் பண்ணுவேன்றாரு. பயமா கீது."

"சொல்றேம்மா" என்று உள்ளே போனேன். துறைத் தலைவர் டீ வரவழைத்தார். அடுத்த வருட விளம்பரத்தைப் பற்றிப் பேசினார். நானும் தலையாட்டிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளியே வந்தபோது அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அடுத்த வகுப்பைத் தேடி நடந்தேன்.

சேவை தொடங்கியதும் அதே வகுப்புக்குச் சந்தா பிடிக்கப் போனேன். ஒருவரும் கட்டவில்லை. மோனிஷாவைக் காணோமே என்று ஒரு பையனிடம் கேட்டேன்.

"சஸ்பெண்ட் பண்ணாங்க. அட்டெண்டன்ஸ் இல்லன்னு எக்ஸாம் எழுத உடல. நின்னுட்டா. இப்ப அவங்கம்மா கூட பேக்கிங் போறா. இது உங்க ஆன்லைன்ல வருமா சார்? வரும்னா சொல்லுங்க, இப்பவே கட்றேன்."

பத்திரிகை ஃபீல்டுக்கு வரும் தம்பி தங்கைகளே, சர்வேயில் பெயர் கேட்காதீர்கள். கேட்டுத் தொலைத்துவிட்டால், அந்தப் பெயருக்கு ஒன்று என்றால் வாயைத் திறந்து பேசுங்கள். நானோ, அந்தப் பையன் கட்டுகிறேன் என்று சொன்ன பிறகும், ரசீது புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.