வலது பக்கம் அண்ணனுடையது

அண்ணன் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்யை யாருக்காகச் சொன்னார்? எனக்காகவா, அன்று என் இடுப்பில் இருந்த ஏழு மாதக் குழந்தைக்காகவா, இல்லை மூன்று மைலுக்கு அப்பால் கிராமத்தில் இருந்த சிங்கள வாத்தியாருக்காகவா? ஆறு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்தால் மனம் ஆறுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

தெமோதரைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அண்ணன். அவரை ‘ஞானி’ என்பார்கள். பாதிப் பேர் கேலியாக, பாதிப் பேர் உண்மையாகவே. கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வலது கை விரல்கள் நசுங்கிய பிறகு அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் பதுளையில் படிப்பை முடித்து வந்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கல்யாணமான பிறகும் அது நிற்கவில்லை. என் கணவர் பண்டாரவளையில் ஒரு கடையில் தங்கி வேலை செய்து வாரத்துக்கு ஒரு தடவை வந்துபோனார். நான் பிறந்த லயத்து வீட்டிலேயே, அண்ணனோடு இருந்தேன்.

எல்லாம் ஓடைத் தகராறில் தொடங்கியது. குளிக்கும் இடத்துக்காகத் தோட்டத்துப் பையன்களும் கிராமத்துப் பையன்களும் கல்லெறிந்துகொண்டார்கள். அடுத்த நாள் அண்ணன் போய் ஓடைக்கு நடுவில் இருந்த பாறையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் குடையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை பேசினார்கள். கல்லோடு நின்றவர்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முதல் வரியைச் சொன்னார்: “பயந்தவன்தான் கல்லை எடுக்கிறான். அவனிடம் கல்லைப் பற்றிப் பேசாதே, பயத்தைப் பற்றிக் கேள்.”

அவர் எழுதும் முறை விநோதமானது. கொப்பியின் வலது பக்கம் மட்டும்தான் அவருடையது. இடது பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று கட்டை நடந்து போய், எழுதியதைச் சிங்களத்தில் சொல்லிக் காட்டுவார். வாத்தியார் தன் மறுப்பை இடது பக்கத்தில் சிங்களத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. “ஏன் தம்பி, சண்டை புடிக்க இந்தத் தோட்டத்துல ஒங்களுக்கு ஆளே கெடைக்கலையா? மூணு கட்டை நடந்து போயில்ல எதிராளியத் தேடுறீங்க!”

“நீங்க எல்லாரும் ஆமாங்கிறீங்களேக்கா. ஆமாங்கிறவங்கள வச்சுக்கிட்டு நான் என்னத்தப் படிக்கிறது?”

“நான் வேணும்னா இல்லேங்கிறேன். அரைச் சுண்டு சீனி குடுங்க.”

அப்படிப் பதினொரு கொப்பிகள் சேர்ந்தன.

பிறகு எண்பத்து மூன்றாம் வருடத்து அந்த ஆடி மாதம் வந்தது. பதுளையில் தமிழர் கடைகள் எரிந்ததை எல்லோரும் அறிவார்கள். நான் அதை எழுதப் போவதில்லை. சில வாரம் கழித்துத் தோட்டங்களில் பொலிஸ் தேடுதல் தொடங்கியது. ஒரு காலையில் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். “கீழ்த் தோட்டத்துல பொட்டியத் தெறந்து பாக்குறாங்களாம். கடுதாசி கிடுதாசி இருந்தா அடுப்புல போடு புள்ள.”

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தாளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்தி, வருடக்கணக்காகக் காத்திருந்து கற்ற பாடம் அது. முத்திரை குத்திய தாள் நம்மைக் காப்பாற்றும். முத்திரை இல்லாத தாள் மாட்டிவிடும். நான் தகரப் பெட்டியைத் திறந்து அப்படியே பிரித்தேன். பிறப்புச் சான்றிதழ்கள், மனு ரசீதுகள் ஒரு பக்கம். கொப்பிகள் இன்னொரு பக்கம். கொப்பியில் இருந்தது என் கையெழுத்து என்ற நினைப்பும் வந்தது. என்னைக் கொண்டுபோனால் குழந்தைக்கு யார் பால் கொடுப்பார்கள்? அண்ணன் வேலையில் இருந்தார். ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கொப்பி சீக்கிரம் எரிவதில்லை. பிரித்துப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. அப்போது வாத்தியாரின் வட்ட வட்டமான எழுத்துகளைப் பார்த்தேன், கீழே அவர் கையெழுத்தையும். வருகிறவர்களால் வாசிக்க முடிந்த பக்கம் அது ஒன்றுதான். பார்த்தேன். பார்த்தும் என் கை நிற்கவில்லை.

பிற்பகலில் அவர்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் போடுகிறார், என்னவோ எழுதுகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணன் முகத்தில் பதற்றமே இல்லை. “தங்கச்சி, பதினோரு கொப்பியையும் எடுத்துக் குடும்மா. எடது பக்கத்த இவங்களே வாசிச்சுக்குவாங்க” என்றார்.

நான் அசையவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். கரி படிந்த என் கைகளைப் பார்த்தார். பிறகு குழந்தையை. திரும்பி அவர்களிடம் சிங்களத்தில் சொன்னார்: “நான் தவறாகச் சொல்லிவிட்டேன். கொப்பி எதுவும் இல்லை. நான் எதையும் எழுதியதில்லை.”

“இப்போதுதானே பதினொன்று என்றாய்?” என்று வந்தவர்களில் தமிழ் புரிந்த ஒருவர் சிரித்தார். அதுவரை பெரிய சந்தேகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் கையைப் பிடித்தார்கள்.

நாலு மாதம் பதுளையில் வைத்திருந்தார்கள். வாத்தியார் இரண்டு தடவை போய் அவருக்காகப் பேசினார். அத்தாட்சி கேட்டார்களாம். திரும்பி வந்து, தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார்: “கொப்பி இருந்தா, தங்கச்சி, என் எழுத்து, என் கையெழுத்து, நான் காட்டலாம்தானே?”

அண்ணன் இருமலோடு வந்தார். அதற்குப் பிறகு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. “அண்ணே, அந்தக் கொப்பி…” என்று நான் தொடங்கிய ஒரே நாளில், “புள்ளைக்குப் பல்லு வந்துருச்சா?” என்று கேட்டு மகனைத் தூக்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டாவது மழைக்காலத்தில் இறந்துபோனார்.

போன மாதம் வாத்தியார் வந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். கையில் ஒரு புதுக் கொப்பி. “வலது பக்கம் நீ எழுது. உனக்குத்தான் ஞாபகம். இடது பக்கம் நான்” என்றார்.

கல்லைப் பற்றிய அந்த முதல் வரி பிழையில்லாமல் வந்தது. இரண்டாவது பக்கத்தில் தடுமாறினேன். பயத்தோடு உட்கார் என்றாரா, பயத்தை உட்காரவை என்றாரா? மூன்றாவது பக்கத்தில், ‘பயந்து தவறு செய்தவரை மன்னித்துவிட வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். மறுபடியும் வாசித்துப் பார்த்தேன். இதை அண்ணன் எப்போது சொன்னார்? எந்தக் கொப்பியில்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு வேண்டியதை அவர் வாயில் வைத்துவிட்டேனோ?

நாட்டில் இப்போது மறுபடியும் தேடுகிறார்கள். இந்தத் தடவை சிங்களப் பையன்களைத் தேடி, வாத்தியாரின் கிராமத்திலும். என் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, “மாமா என்னம்மா எழுதுனாரு?” என்று கேட்கிறான்.

வாசிக்கிறவர்களைக் கேட்கிறேன். பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கொப்பியை வைத்து எழுதலாமா? எழுதினால், அந்த மூன்றாவது பக்கத்தை அண்ணன் பெயரில் விட்டுவைக்கலாமா, கிழித்துவிட வேண்டுமா? வருகிற பௌர்ணமிப் போயா நாளில் வாத்தியார் கொப்பியை வாங்க வருவார். அதற்குள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.