வழியில் நிறைந்த தாம்பாளம்

வீட்டுக்குள் தறிச் சத்தம் சட்டென்று நின்றது.

வாசலில் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ராமாமணிக்கு மூச்சும் நின்றது. தறிச் சத்தத்தில் வண்டிச் சத்தம் அமுங்கிப்போகும், கணவர் குமாரசாமிக்குத் தெரியாமல் கிளம்பிவிடலாம் என்றல்லவா நினைத்திருந்தாள்? அவர் வந்து எங்கே என்று கேட்டால் என்ன சொல்வாள்? அண்ணன் பேச்சை எடுத்தே வருஷக்கணக்காகிவிட்ட வீடு அது.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, கூட்டத்தில் தடுமாறிப்போன குமாரசாமி, மச்சான் நிற்பதைக் கவனிக்காமல், முதலில் வாங்கவேண்டிய அவர் தட்டை விட்டு வேறொருவர் சீர்த்தட்டை வாங்கிவிட்டார். தட்டோடு நின்ற அண்ணன் செங்கோடன் அப்படியே சத்தியமங்கலத்துக்குத் திரும்பிவிட்டார். இனி இந்தப் படியை மிதிப்பதில்லை என்று அவர். போய்க் கூப்பிடுவதில்லை என்று இவர். இப்போது மகள் லோகப்பிரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை எப்படி மணவறையில் உட்கார வைப்பது?

நல்லவேளை, யாரும் வெளியே வரவில்லை. அண்ணனுக்கான கல்யாணப் பத்திரிகையோடு ராமாமணி சத்தியமங்கலத்துக்கு வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

தறிக்கு நூல் எடுத்து வருவதற்காக மொபெட் பழகியவள் அவள். சோமனூரைத் தாண்டித் தனியாக எங்கும் போனதில்லை. கருமத்தம்பட்டி வரைக்கும் பயந்து பயந்து ஓரமாகவே ஓட்டினாள். அதற்கப்புறம் இருபக்கமும் சோளக்காடு விரிந்து, காற்று முகத்தில் வந்து மோதியபோது பயம் போன இடம் தெரியவில்லை. யாருமில்லாத சாலையில் அவள் சத்தமாகவே பாடினாள்.

அன்னூர் வந்ததும்தான் உறைத்தது. ஒளிந்து கிளம்பிய அவசரத்தில் தாம்பாளத்தை வீட்டிலேயே விட்டுவிட்டாள். வெறும் பத்திரிகையை நீட்டினால் அண்ணன் என்ன நினைப்பார்? பூக்காரி தெய்வாத்தாளிடம் வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். தெய்வாத்தாள் மல்லிகையை முழம் போடாமல் அள்ளிக் கொடுத்தாள். பக்கத்துக் கடையில் வெற்றிலை பாக்கும் அவளே வாங்கி வந்தாள். காசை நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

"கல்யாணத்துக்கு நானும் பூ குடுத்தனாட்ட இருக்கட்டும், போ அம்மணி."

புளியம்பட்டிக்கு முன்னால் வண்டியின் செயின் கழன்றது. கோயமுத்தூரிலிருந்து சந்தைக்குப் பாத்திரம் ஏற்றிப் போன ரசாக் வேனை நிறுத்தி இறங்கினார். அவர் கையெல்லாம் கறையாகச் செயினை மாட்ட, மனைவி ஜன்னத் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் வேனிலிருந்து ஒரு புதுத் தாம்பாளத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, வழிக்கு வைத்திருந்த வாழைப்பழத்தையும் அதில் வைத்தாள்.

"இன்னும் போணியே ஆகல, அதுக்குள்ள தானமா?" என்று ரசாக் சிரித்தார்.

"உங்க தங்கச்சி வெறுங்கையோட வந்து நின்னா நல்லாருக்குமாங்க?" என்றாள் ஜன்னத். அவர் குனிந்து செயினைப் பார்த்துக்கொண்டார்.

சத்தியமங்கலத்தில் தங்கை தனியாக வந்து இறங்கியதைக் கண்ட செங்கோடன் திகைத்துப்போனார். வா என்றும் சொல்லவில்லை. அவர் கண் தாம்பாளத்தின் மேலேயே நின்றது. இது உங்கள் வீட்டுத் தட்டு இல்லையே, யார் கொடுத்துவிட்டது என்று கேட்டார். ராமாமணி பூ வந்த கதையையும் தட்டு வந்த கதையையும் சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் வெற்றிலையில் சொட்டியது.

செங்கோடனின் மீசை துடித்தது.

"முன்னப்பின்ன தெரியாத சனமெல்லாம் சேந்து என்னைக் கூப்புடுது. இன்னும் நான் வீம்பு புடிச்சா மனுசனா, கண்ணு?"

இரண்டு கைகளாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டானதும் அவளைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை. தோட்டத்து மஞ்சளை அதே தாம்பாளத்தில் நிறைத்துக் கட்டிக்கொண்டு, புல்லட்டில் சோமனூர் வரை அவள் பின்னாலேயே வந்தார்.

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த குமாரசாமி ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்து, மச்சான் படியேறும் முன்பே அந்தத் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு உட்டுப்போட்டனுங்க மச்சான். உள்ள வாங்க."

காப்பி குடிக்கும்போது ராமாமணி, காலையில் தறி ஏன் நின்றது, கரண்ட் போயிற்றா என்று மெல்லக் கேட்டாள்.

"கரண்ட் எங்க போச்சு? உன்ற வண்டி கெளம்புதான்னு கேக்கறதுக்கு நாந்தான் நிறுத்துனேன்," என்றார் குமாரசாமி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு. செங்கோடனுக்குச் சிரிப்பில் காப்பி புரையேறியது.

வெளிச்சம் இருக்கும்போதே அவர் எழுந்துகொண்டார்.

"பட்டம் கட்ட மொத ஆளா வந்துபோடறனுங்க மாப்ளே. அப்ப வாரேன் கண்ணு."

புல்லட் சத்தம் தெருமுனை தாண்டி ஓயும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். குமாரசாமி தாம்பாளத்தைக் கீழே வைக்காமலே உள்ளே போனார். ராமாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே கதவைச் சாத்தினாள்.