கீரை இல்லாத பெட்டி

அமெரிக்காவின் மிசௌரியில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வெல்மா டிராஸ்குக்குப் பொறுமை அதிகம். அறுபது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினாலும் அவள் வண்டி குலுங்காது. ஆனால் மேடைக்குக் கீழே நின்று அடுத்தவர்களுக்குக் கைதட்டுவது மட்டும் அவளுக்குப் பழகவே இல்லை. பதினோரு வருடமாக பார்பிக்யூ போட்டிகளில் பிரிஸ்கட், அதாவது மாட்டு நெஞ்சுக்கறி, புகையில் வேகவைக்கிறாள். ஒரு தடவைகூட அதற்காக அவளை மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

"கறியில குறையில்ல அண்ணி, நடுவருங்களுக்கு அனுப்புற பெட்டியிலதான்," என்பான் கணவனின் தம்பி ராய்ஸ். "உங்க பெட்டியத் திறந்தா ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு."

"நடுவருங்க வாயால திங்கிறாங்களா, கண்ணாலயா?"

"முதல்ல கண்ணாலதான். அதுக்கு மார்க் போட்டுட்டுத்தானே வாயில வைக்கிறாங்க!"

அவன் சொன்னது நிஜம். யாருடைய பெட்டி என்று நடுவர்களுக்குத் தெரியாது. மூடியைத் திறந்து காட்டியதுமே ஆறு பேரும் தோற்றத்துக்கு மதிப்பெண் எழுதிவிடுவார்கள். சுவைக்கு முன்னால் அது சொற்பம்தான். ஆனால் மேடை ஏறுகிறவனுக்கும் ஏறாதவனுக்கும் நடுவே இருப்பது மயிரிழைதான். இந்தப் போட்டியிலும் கூப்பிடாவிட்டால் அடுத்த வருடம் பிரிஸ்கட் ராய்ஸ் கைக்குப் போகும் என்று குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். வெல்மா வேண்டாவெறுப்பாகத் தலையாட்டியிருந்தாள்.

அன்று காலையிலிருந்து ராய்ஸ் வெள்ளைப் பெட்டிக்குள் லெட்டூஸ் இலை விரித்து, அதன்மேல் பார்ஸ்லிக் கீரையை இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தான். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் நடந்திருக்காது. ஒன்றரைக்குப் பெட்டி போக வேண்டும். அதற்குமேல் ஐந்து நிமிடம்தான் சலுகை. ஒன்று இருபதுக்குக் கறியை அடுக்கக் குனிந்த வெல்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"ராய்ஸ், இந்த இலை நுனியப் பாரு."

லேசான சிவப்பு. சிவப்பு நுனி லெட்டூஸுக்குத் தடை. நடுவர் கண்ணில் பட்டால், கறி தேவாமிர்தமாக இருந்தாலும் அடிமட்ட மதிப்பெண்தான். ராய்ஸின் முகம் வெளிறிப்போனது. வாங்கிய கட்டு முழுக்க அதே இலை.

"பக்கத்து டென்ட்ல வாங்கிட்டு ஓடியாறேன் அண்ணி!"

"அவங்ககிட்ட வாங்கி, மறுபடி நட்டு... ஆவுற கதையா? தள்ளு!"

அத்தனை பச்சையையும் குப்பையில் கொட்டினாள். கீரை கட்டாயமில்லை என்று விதியே சொல்கிறது. ஆனாலும் யாரும் வெறும் பெட்டி அனுப்புவதில்லை. கறி வழுக்கி ஓடும், வெள்ளைச் சுவரில் ஒரு சொட்டுப் பட்டாலும் பல்லிளிக்கும். வெல்மா பென்சில் கனத்தில் துண்டு போட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நெருக்கி அடுக்கினாள். அசைய இடமில்லை. மேலே கருத்த மொறுமொறுப்பு, அதன் கீழே புகை ஏறிய இளஞ்சிவப்புக் கோடு, எல்லாத் துண்டிலும் ஒரே நேராக. கறிச்சாற்றைத் தொட்டுத் தடவி, ஈரக் காகிதத்தால் சுவரைத் துடைத்தாள்.

ராய்ஸ் எட்டிப் பார்த்தான். "அண்ணி... அழகா இருக்கு."

"கறிடா அது. அழகாத்தான் இருக்கும்."

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஓடாமல் நடந்தாள். ஓடினால் எல்லாம் போச்சு. ஒன்று முப்பத்துநாலுக்குப் பெட்டி ஒப்படைக்கும் மேசைக்குப் போய்விட்டது.

சாயங்காலம் பத்தாம் இடத்திலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏழு, ஆறு, ஐந்து. வெல்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று, இரண்டு. யார் யாரோ ஏறிப்போனார்கள்.

"என்னை மன்னிச்சிருங்க அண்ணி, எல்லாம் என்னாலதான்," என்றான் ராய்ஸ்.

"பிரிஸ்கட், முதல் இடம்," என்றது ஒலிபெருக்கி, "வெல்மா டிராஸ்க்!"

ராய்ஸ் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த நாய் குரைத்தது. வெல்மா அழுதுகொண்டே படியேறினாள், மறைக்கவும் இல்லை. கையில் கொடுத்த தாளில் தோற்றத்துக்கு ஆறு நடுவர்களும் ஒன்பதுக்கு ஒன்பது போட்டிருந்தார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கீழே எல்லோரும் அவளுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கும்படி இரண்டு முறை சொன்ன பிறகும் அவள் இறங்கவில்லை.