மகேந்திரன் பிழிந்த நிலக்கரி

என் அக்காள் கணவர் மகேந்திரன் 1963இல் சுங்கை சிப்புட் என்னும் ஊருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். எங்கள் குடும்பப் பதிவேட்டில் அவருடைய தொழில் ‘தொழிற்சாலை ஊழியர்’ என்று மட்டுமே இருந்தது. அது போதாது.

இருபது வயதில் அவருக்குத் தோட்டத்து ரப்பர்க் கொட்டகையில் வேலை. உறைந்த ரப்பர்ப் பாலை உருளைகளுக்கிடையே விட்டுத் திருகாணியை இறுக்கினால் நீர் பிதுங்கி ஓடும். தோட்டம் வீட்டுமனையான பிறகு, கழுவிய நிலக்கரித் தூளிலிருந்து நீரைப் பிரிக்கும் ஜெலாப்பாங் ஊர் ஆலை ஒன்றில் சேர்ந்தார். துணி போர்த்திய தட்டுகளுக்கிடையே கரிக்குழம்பைப் பம்பால் செலுத்தினால் நீர் துணிவழியே வடியும். கரி பாளமாகத் தங்கும். அவர் எடுத்தவுடனே பம்பை முழு வேகத்தில் திறப்பார். நெருக்கினால் நீர் போய்விடும் என்பது கொட்டகை தந்த நம்பிக்கை.

பாளத்தின் ஈரத்தைச் சோதித்தவள் சரளா. ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்த இளம்பெண். மாதிரியை நிறுத்து, மின்னடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுப்பாள். 2017 மார்ச்சில் ஒரு நாள், இருபத்திரண்டு விழுக்காட்டைத் தாண்டக்கூடாத ஈரம் இருபத்தொன்பது வந்தது. லாரியை அனுப்பக் கையெழுத்திட மறுத்தாள்.

“ஓரத்தத் தொட்டுப் பாரு, காஞ்சி கெடக்கு. ஒன் தராசுதான் ரோசாக் ஆயிருச்சு லா, கெட்டுப்போச்சு,” என்றார் மகேந்திரன்.

“நடுவுல கைய விடுங்கண்ணே. கஞ்சி மாதிரி இருக்கு. கரண்டி வேணும்னா தாரேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மகேந்திரன் பாளத்தின் நடுவில் கையை விடவில்லை. மேலாளர் கேட்டபோதும் தராசையே குறை சொன்னார். பதினெட்டு ஆண்டு ஊழியரின் சொல் எடுபட்டது, லாரி புறப்பட்டது. மாத இறுதியில் சரளாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஏப்ரலில் அந்தச் சரக்கு ஈரம் அதிகமென்று திரும்பி வந்தது. எந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த பழனியப்பன் துணியொன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஊசிமுனை அளவு வெளிச்சம்கூட ஊடுருவவில்லை.

“எடுத்த எடுப்புல இப்படி அடிச்சா மாவுக்கரி துணிய அடைச்சிரும்ணே. ஓரம் காயும், நடுவுல தண்ணி மாட்டிக்கும். மொதல்ல மெதுவா விடணும். யாரும் சொல்லலயா?”

நடுவில் ஈரம் என்று சொன்னவள் வேலையிழந்திருந்தாள். மகேந்திரன் அன்றே மேலாளரிடம் பிழை தம்முடையது என்று ஒப்புக்கொண்டார். சரளாவைத் திரும்ப அழைத்து வரும்படி மேலாளர் சொல்ல, மறுநாளே சிலிபினில் இருந்த அவளுடைய வீட்டுக்குப் போனார்.

சரளா தேநீர் கொடுத்தாள். அவர் சொன்னது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

“நீங்க வந்து சொன்னதுக்குச் சந்தோசம்ணே. ஆனா நான் நிறுத்துச் சொன்னத நம்ப, லாரி திரும்பி வரணும், நீங்க வந்து சாட்சி சொல்லணும்னா, அங்க எனக்கு என்ன வேலை?”

அவள் வேலைக்குத் திரும்பவில்லை. பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்ததாக மகேந்திரன் என்னிடம் சொன்னார். அதையாவது குடித்து முடித்திருக்கலாம் என்றும் சொன்னார்.